முன்னோடிக்குப் பன்னிரண்டு கேள்விகள்

துளசிமணி இறந்துபோன செவ்வாய்க்கிழமை காலையில், அவள் எவ்வளவு நன்றாக இருக்கிறாள் என்று மேகலா எழுதிக்கொண்டிருந்தாள்.

‘ஐந்தாவது ஊசி போட்டு ஒன்பதாம் நாள். மரத்துப்போதல் விரல் நுனியோடு நிற்கிறது. சினைப்பைக் கட்டி நாலில் மூன்று பங்கு கரைந்துவிட்டது. மருந்தை மிக நன்றாகத் தாங்குகிறார்.’ ஆஸ்பத்திரியில் நடந்த புது மருந்து ஆய்வில் சேர்ந்திருந்த பதினைந்து பேரில் துளசிமணிதான் முதல் மார்க். வெளியூர் டாக்டர்கள் யாராவது வந்தால், ஆய்வை நடத்தும் டாக்டர் நல்லசிவம் அவளுடைய கோப்பைத்தான் எடுத்துக் காட்டுவார். மேகலாவுக்கும் அதில் பெருமைதான். தன் வகுப்புப் பிள்ளை பரிசு வாங்கியதைப் பார்க்கிற டீச்சரின் பெருமை.

போன் அடித்தது. துளசிமணியின் கணவர் சென்னியப்பன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இந்த நாலு மாதத்தில் அவர் மேகலாவிடம் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் பத்து வாக்கியம் தேறாது.

“அம்மிணி, பல்லு வெளக்கீட்டு நின்னாளுங்க. நின்ன வாக்குல சரிஞ்சுட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க” என்றார். “உங்களுக்குச் சொல்லோணும்னு தோணுச்சுங்க. அவ உங்களத்தான் எப்பவும் பேசுவா.”

மேகலா என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. போனை வைத்த பிறகு திரையைப் பார்த்தாள். ‘மிக நன்றாகத் தாங்குகிறார்’ என்பது அங்கேயே இருந்தது. அதை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

*

மேகலாவின் மேல்கோட்டில் குத்தியிருந்த அட்டையில் ‘ஆய்வு ஒருங்கிணைப்பாளர்’ என்று நீளமாக இருக்கும். வேலை என்னவோ கேள்வி கேட்பதுதான். வாந்தி எத்தனை தடவை, வாயில் புண் உண்டா, விரல் மரத்துப்போகிறதா, எதுவரைக்கும், ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு. மொத்தம் பன்னிரண்டு கேள்விகள். பன்னிரண்டாவது, ‘வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?’ அதற்கு நோயாளிகள் சொல்வது பெரும்பாலும் எந்தக் கட்டத்திலும் அடங்காது. அதனால் ‘எதுவுமில்லை’ என்று தட்டிவிட்டு மேகலா அடுத்த ஆளுக்குப் போய்விடுவாள்.

கேள்விகள் பழையவை. கேட்கப்பட்ட ஆள்தான் புதுசு.

அந்தப் புது ஆள் யார் என்பதை நல்லசிவம் முதல் நாள் துளசிமணிக்கும் சென்னியப்பனுக்கும் விளக்கியது மேகலாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. துளசிமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷம் ஓவர்லாக் மெஷினில் பனியன் தைத்தவள். நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தாள். முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தால் டாக்டர் தப்பாக நினைப்பாரோ என்கிற மாதிரி.

“இந்த மருந்து கட்டியக் கரைக்கும். கூடவே நரம்பையும் அரிக்கும்” என்றார் நல்லசிவம். “விரல் நுனியில ஆரம்பிக்கும். அங்கயே நின்னுட்டாப் பயமில்ல. மணிக்கட்டைத் தாண்டி மேல ஏறுச்சுன்னா நிறுத்திரணும், அளவக் குறைக்கணும். ஏன்னா கைக்குப் போற நரம்போட நிக்காது, நெஞ்சுக்குப் போற நரம்பையும் தொடும். எவ்வளவு குடுத்தாக் கட்டி கரையும், எவ்வளவு குடுத்தா நரம்பு தாங்கும்கிறது ஆளுக்கு ஆள் வேற. முன்னெல்லாம் குடுத்துப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவோம்.”

“இப்பங்க?”

“இப்ப உங்களுக்கு முன்னாடி இன்னொருத்தருக்குக் குடுத்துப் பாப்போம். அவங்களுக்கு முன்னோடின்னு பேரு. உங்க ரத்தம், ஈரல், மரபணு எல்லாத்தையும் எடுத்து, கம்ப்யூட்டருக்குள்ள உங்களை மாதிரியே ஒரு ஆளை உண்டாக்கி, ஆறு ஊசியும் போடுவோம். உங்களுக்கு நாலரை மாசம் ஆகிறது அங்க ஒரு மத்தியானத்துல முடிஞ்சிரும். அவங்க எந்த அளவு தாங்குறாங்களோ அதுதான் உங்களுக்கு.”

“அப்ப அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியுமில்லீங்களா, கை மரத்துப் போறது?”

“அங்கதாம்மா சிக்கல். ரத்தம் கணக்குல வரும், ஈரல் கணக்குல வரும். மரத்துப் போறதும் வலியும் எந்தக் கணக்குலயும் வராது. ஆளைக் கேட்டாத்தான் உண்டு. அதனால பேசுற முன்னோடி. பத்து நாள் தலையில ஒரு தொப்பி மாட்டிட்டு இந்த மேகலாகூடப் பேசிட்டிருங்க. உங்க நெனப்பு, பேச்சு, சுபாவம் எல்லாம் அதுல வந்துரும்.”

துளசிமணி கொஞ்சம் யோசித்தாள். “அவளுக்கு வலிக்குமுங்களா?”

“அது கணக்கும்மா. கணக்குக்கு வலிக்குமா?”

“வலிக்காதுன்னா, அவளக் கேட்டு என்னங்க ஆகப்போகுது?”

நல்லசிவம் மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். சென்னியப்பன் மனைவியின் முழங்கையை லேசாகத் தொட்டார், பெரிய மனுஷரை மடக்காதே என்பது போல. துளசிமணி உடனே சிரித்து, “சும்மா கேட்டனுங்க” என்று கையெழுத்துப் போட்டாள்.

*

பத்து நாளும் அவள் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். வந்ததும் முதல் வார்த்தை, “நீ சாப்டியா கண்ணு?” என்பதுதான். சாப்பிட்டேன் என்று மேகலா சொன்னாலும் நம்பமாட்டாள். பையிலிருந்து தக்காளிச் சோறோ வேகவைத்த நிலக்கடலையோ வெளியே வரும். ஹாஸ்டலில் வாழ்கிறவளுக்கு இது போதாதா? மூன்றாம் நாளே மேகலா அவளுக்கு அடிமை.

தொப்பியை மாட்டிக்கொண்டு துளசிமணி ஏதேதோ பேசுவாள். நூறு மெஷின் ஓடுகிற கூடத்தில் தன் மெஷினில் நூல் அறுந்ததைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவாளாம். கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து, பிறகு பிறந்தது மூன்றாம் நாளே போய்விட்டதாம். அதைச் சொன்னபோதும் அவள் குரல் மாறவில்லை.

“அப்ப யார்கிட்டக்கா அழுதீங்க?”

“ஆருகிட்ட அழுகறது? அவருகிட்டச் சொன்னா அவருக்கும் வெசனம். அம்மாகிட்டச் சொன்னா அம்மாளுக்கும் வெசனம். நம்ம வெசனத்த நாலு பேருக்குப் பங்கு வெச்சா அது கொறையுதா என்ன, நாலாத்தான் ஆகுது” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ திருட்டுத்தனத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். “ஒண்ணு பண்ணுவேன் கண்ணு. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல ஆராச்சும் தெரியாத பொம்பள உக்காந்தான்னு வையி, எல்லாத்தையும் கொட்டீருவேன். அவ அவினாசியில எறங்கிப் போயிருவா. என்ற வெசனமும் அவகூடவே எறங்கிப் போயிரும்.”

மேகலா சிரித்தாள். குறிப்பில், ‘உறுதியான மனநிலை உள்ளவர்’ என்று எழுதினாள். கையில் கொண்டுவந்து கொடுத்த சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, கதவைத் திறக்கத் தெரியாமல் நிற்கிற ஆளாகத் தான் இருந்ததை அவள் அன்றைக்கு உணரவில்லை.

ஆய்வு விதிகளில் ஒரு சின்ன வரி இருந்தது. முன்னோடியிடம் கேள்வி கேட்பவர் ஒவ்வொரு முறையும் அறிமுகமில்லாத ஆளாக இருக்க வேண்டும். அதைப் படித்தபோது மேகலாவுக்கு எரிச்சல்தான் வந்தது. எந்த ஊர்க்காரர்கள் எழுதின விதியோ! நேராக நல்லசிவத்திடம் போனாள்.

“சார், நம்ம ஊர் ஆளுங்க புது ஆளுகிட்ட வாயே திறக்க மாட்டாங்க. பழகினவங்ககிட்டத்தான் மனசு விட்டுப் பேசுவாங்க. நானே கேக்கறேன்.”

அது அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது. எல்லாருக்குமே அப்படிச் செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதினைந்து முன்னோடிகளிடமும் பழகின ஆட்களே கேட்டார்கள்.

*

துளசிமணியின் முன்னோடி கண் விழித்தபோது, இல்லை, கண் ஏது, பேச ஆரம்பித்தபோது, மேகலா விஷயத்தைச் சொன்னாள். நீங்கள் துளசிமணி அக்கா இல்லை, அவங்களுக்கு முன்னாடி போகிறவர், ஆறு ஊசிக்கு அப்புறம் வேலை முடிந்துவிடும், ஆய்வு முடிகிறவரைக்கும் பத்திரமாக வைத்திருந்து பிறகு மூடிவிடுவோம்.

ஸ்பீக்கரில் அதே குரல். “அப்ப அவ ஊட்டுல இருக்கறா. நான் இங்க இருக்கறேன். செரி. நீ சாப்டியா கண்ணு?”

மூன்று அளவுகளில் பார்த்தார்கள். குறைந்தது, நடுவானது, மிக அதிகம். மிக அதிகமானதில்தான் கட்டி நன்றாகக் கரைந்தது. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் மேகலா பன்னிரண்டு கேள்விகளைக் கேட்டாள்.

“விரல் எப்படிக்கா இருக்கு?”

“நுனியில லேசா சுறுசுறுங்குது.”

“மணிக்கட்டுக்கு மேல?”

“அதெல்லாம் இல்ல கண்ணு.”

“பத்துக்கு எவ்வளவு சொல்லலாம்?”

“ரெண்டு போட்டுக்க.”

“வேற ஏதாவது சொல்லணுமாக்கா?”

“நீ சாப்டியா?”

‘எதுவுமில்லை’ என்று மேகலா தட்டினாள். ஆறு ஊசிக்கும் இதே பதில். துளசிமணிக்கு மிக அதிக அளவே முடிவாயிற்று.

நிஜமான ஊசிகள் தொடங்கின. முடி கொட்டியது, வாந்தி வந்தது, அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கட்டி மளமளவென்று கரைந்தது. ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் மேகலா அவள் விரல்களையும் மணிக்கட்டையும் முன்னங்கையையும் தொடுவாள். தொட்டது தெரிந்தால் துளசிமணி “ஆமா” சொல்ல வேண்டும். ஆமா, ஆமா, ஆமா. ஒன்றுகூடத் தப்பவில்லை. நாலாவது ஊசியின்போது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தாள். “இஸ்திரிப் பொட்டி பட்டுருச்சு கண்ணு, பராக்குப் பாத்துட்டுத் தேச்சேன்” என்று சிரித்தாள்.

பன்னிரண்டு கேள்விக்கும் முன்னோடி சொன்ன பதிலைத்தான் அவளும் சொன்னாள். அந்தச் ‘சுறுசுறு’கூட மாறவில்லை. மேகலா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நல்லசிவத்திடம் காட்டினாள். இரண்டு பேரும் உச்சி குளிர்ந்துபோனார்கள். முன்னோடி முறை எவ்வளவு துல்லியம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்?

*

ஐந்தாம் நாள் மேகலா திருப்பூருக்குப் போனாள். ஒண்டிக் குடித்தன வரிசையில் கடைசி வீடு. ஒறம்பரையாக வந்த உறவினர்கள் முந்தின நாளே கிளம்பிவிட்டிருந்தார்கள். முன்னறையில் மூடி போட்ட ஓவர்லாக் மெஷின், அதன்மேல் துளசிமணியின் போட்டோ, போட்டோவில் சாமந்தி மாலை. சென்னியப்பன் அவளைப் பாயில் உட்காரவைத்துவிட்டு, கேட்காமலேயே தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றினார்.

“சாப்புடுங்க அம்மிணி. நீங்க வந்தா ஒண்ணும் சாப்புடாமப் போக உடக்கூடாதுன்னு அவ இருந்தாச் சொல்லுவா” என்றார். ஒரு வாய் வைத்ததும் அவரே முகத்தைச் சுளித்தார். “பெருங்காயம் போடலீங்க. மறந்து போயிருது. பக்கத்துல உக்காந்து அவ சொல்லீட்டே இருப்பா.”

“நீங்கதான் சமைப்பீங்களா?”

“ஒரு மாசத்துக்கு மேலாங்க. சோத்துப் பானைய வெறுங்கையில எறக்கிப்போட்டா. கை வேகறது அவளுக்குத் தெரியலீங்க. நாத்தம் வந்துதான் பாத்தது.”

மேகலாவின் கை தட்டிலேயே நின்றது. இஸ்திரிப் பெட்டி.

“அதுக்கு முன்னாடியே ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்ட முடியலீங்க. தெனமும் நாந்தான் மாட்டி உடுவேன். கல்யாணமான புதுசுல மாட்டுனதுகூட இல்ல” என்றார் சென்னியப்பன். சிரிக்கத்தான் பார்த்தார். “ஆஸ்பத்திரியில சொல்லலாம்டீன்னேன். உங்க மேல சத்தியம், சொல்லப்படாதுன்னுட்டா.”

“ஆனா நான் தொட்டுப் பாத்தேனே. கண்ணை மூடிட்டுத் தப்பில்லாம ஆமா சொன்னாங்களே.”

“அது ஒண்ணுமில்லீங்க. மெஷின்ல உக்காந்தவளுக்குத் தாளம் பழக்கம். ‘அந்தப் புள்ள மெஷினாட்ட ஒரே சீராத் தொடுது, நான் மனசுல எண்ணீட்டு ஆமா ஆமாங்கறேன், அது பாட்டுக்கு எழுதிக்குது’ன்னா.”

ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கவனமாக, எவ்வளவு சீராக மேகலா தொட்டாள்! நடுவில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தொடாமல் கையை நிறுத்தியிருந்தால் போதும், தெரிந்திருக்கும். அப்படிச் சோதிப்பது அக்காவை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

“ஏன் சொல்லல?”

“சொன்னா மருந்தக் கொறச்சுப்போடுவாங்க, கட்டி கரையறது நின்னுபோகும்னா. அப்பறம்…” அவர் ரசக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். “‘மேகலாப் புள்ள மொகம் சுருங்கிப் போயிருமுங்க, பாவம்’னா.”

மேகலா அந்தச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டாள். மிச்சம் வைக்க அவளுக்குத் தைரியமில்லை.

*

மறுநாள் காலை நல்லசிவத்தின் அறையில் மேகலா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டுச் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தார். பதினைந்து பேரில் இன்னும் பதினான்கு பேர் இருந்தார்கள். வியாழக்கிழமை அவர்களுக்கு அடுத்த ஊசி.

“இவங்க பதினாலு பேருக்கும் அளவு முடிவு பண்ணினது அவங்கவங்க முன்னோடிதான்” என்றார். “எல்லாம் பழகின ஆளு கேட்டது. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“ஊசிய நிறுத்திரலாமே சார்?”

“அடியோட நிறுத்தினாக் கட்டி திரும்ப வளர ஆரம்பிச்சிரும் மேகலா. குறைக்கணும். எவ்வளவு குறைக்கிறது? எந்த ஊசியில, எந்த அளவுல மணிக்கட்டைத் தாண்டுதுன்னு ஒரு உண்மையான எண்ணாவது நமக்கு வேணும். அது தெரிஞ்ச மனுஷி போயிட்டாங்க.” சொல்லிவிட்டு நிறுத்தினார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியது. தெரிந்த இன்னொருத்தி இருக்கிறாள். ஆறாவது ஊசியோடு நிறுத்திவைக்கப்பட்ட முன்னோடி. நோயாளி இறந்தால் பதினைந்து நாளுக்குள் மூடிவிட வேண்டும் என்பது விதி. இன்னும் மூடவில்லை.

“நீயே பேசி உண்மைய வாங்கு” என்றார் நல்லசிவம்.

“என்கிட்டத்தான் சார் சொல்லவே மாட்டாங்க” என்றாள் மேகலா. சொல்லும்போது கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. “நான் கேட்டதுதான் தப்பு. அவங்களுக்குப் பஸ்ஸில பக்கத்து சீட்டுக்காரி வேணும்.”

பக்கத்து சீட்டுக்காரி ஸ்டெல்லா. தஞ்சாவூர்க்காரி, முந்தின நாள்தான் பிசியோதெரபியில் வேலைக்குச் சேர்ந்தவள். துளசிமணியை அவளுக்குத் தெரியாது. நடந்ததை மட்டும் சொன்னார்கள். இறந்த செய்தியை முன்னோடியிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் பயத்தில் பதில் மாறிப்போகும் என்றார் நல்லசிவம். மேகலா சத்தம் காட்டாமல் மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

“வணக்கம்மா. நான் ஸ்டெல்லா. வெளியூர். இன்னிக்கு ஒரு நாள் இங்க உட்காரச் சொன்னாங்க” என்றாள் ஸ்டெல்லா. “உடம்பு எப்படி இருக்கு?”

“மேகலாப் புள்ள இல்லீங்களா?”

“இன்னிக்கு இல்லம்மா.”

“நல்லதாப் போச்சு” என்றது குரல். ஒரு பெருமூச்சு. பிறகு மடை திறந்துவிட்டது.

“மூணாவது ஊசிக்கே மணிக்கட்டத் தாண்டிருச்சுங்க. நடு அளவுலயே. பெரிய அளவுல ரெண்டாவதுக்கே தாண்டிருச்சு. நாலாவதுக்கு முழங்கை. கையின்னு ஒண்ணு இருக்குதான்னே எனக்குத் தெரியாதுங்க. அஞ்சாவதுக்கு அப்பறம் இந்த நெஞ்சு இருக்குது பாருங்க, அது அடிக்கறதா வேண்டாமான்னு நின்னு யோசிச்சு அப்பறமேட்டு அடிக்குமுங்க. மருந்து எறங்கறப்ப ஒடம்பு பூராவும் தீ வெச்சாப்ல இருக்கும். கத்தோணும்னு வரும். கத்துனா எழுதிக்குவாங்களேன்னு வாயப் பொத்திக்குவேன். எனக்கு வாயி எங்க இருக்குது, கையி எங்க இருக்குது, இருந்தாலும் பொத்திக்குவேன்.”

நல்லசிவம் கண்ணாடியைக் கழற்றினார். கணக்குக்கு வலிக்குமா என்று கேட்ட மனிதர் அன்று வேறெதுவும் கேட்கவில்லை.

“ஏம்மா சொல்லல?” என்றாள் ஸ்டெல்லா.

“சொன்னாக் கொறச்சுப்போடுவாங்கல்லங்க. கொறச்சா அவளுக்குக் கட்டி கரையாது. எனக்கென்னங்க, இன்னைக்கோ நாளைக்கோ மூடிருவாங்க. அவ ஊட்டுக்குப் போகோணும். அவரு ஒத்தை ஆளு, ஒரு கூப்பிடு தூரத்துல நான் இல்லீன்னா வெலவெலத்துப் போயிருவாரு. நான் பல்லக் கடிச்சுத் தாங்கீட்டா அவளும் தாங்கீருவான்னு ஒரு தெகிரியம். நாந்தானுங்க அவ.” கொஞ்சம் நிறுத்தி, “இதெல்லாம் அந்த மேகலாப் புள்ளகிட்டச் சொல்லிப்போடாதீங்க. ஆசையா வந்து வந்து கேக்கும். அதுங்கிட்டப் போயி வலிக்குதுன்னு எப்படிங்க சொல்றது?” என்றது.

மூலையில் மேகலா முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் பிரியம் வைத்ததைத் தவிர அந்த மனுஷி ஒரு பாவமும் செய்யவில்லை. அந்தப் பிரியம்தான் இரண்டு பேரையும், முதலில் இவளையும் பிறகு அவளையும், வாய் திறக்கவிடாமல் சாகடித்தது.

ஸ்டெல்லா எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். நல்லசிவம் அங்கேயே நின்றபடி பதினான்கு பேருக்கும் அளவைப் பாதியாகக் குறைத்துக் கையெழுத்துப் போட்டார். தாளை நர்ஸிடம் கொடுத்தனுப்பிவிட்டு மேகலாவைப் பார்த்தார். மூட வேண்டியதுதான் பாக்கி. அது மேகலாவின் வேலை.

அவள் எழுந்துபோய் மைக்கை வாங்கினாள்.

“அக்கா, நான் மேகலா.”

“வந்துட்டியா கண்ணு? இல்லைன்னாங்களே!” குரல் ஒரே நொடியில் மாறிவிட்டது. வாசலில் ஆள் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருகிற குரல். “நான் நல்லாருக்கேன். சும்மா இந்தப் பொண்ணுகிட்டப் பழமை பேசீட்டிருந்தேன். அவ எப்படி இருக்கறா?”

மேகலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். “கட்டி நல்லாக் கரைஞ்சிருச்சுக்கா. நாலுல மூணு பங்கு.” அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

“அப்பாடி. கையி?”

“நுனியில லேசா சுறுசுறுங்குதாம். பரவாயில்லைன்னாங்க.”

ஸ்பீக்கரில் சத்தம் நின்றுபோயிற்று. சொன்ன பிறகுதான் மேகலாவுக்கு உறைத்தது. அந்தப் பதில் யாருடையது, அதற்கு அர்த்தம் என்ன என்று உலகத்தில் ஒருத்திக்குத் தெரியுமென்றால் அது இவளுக்குத்தான்.

“செரி கண்ணு” என்றது குரல் கடைசியாக, மிக மெதுவாக. “அவருக்கு இப்ப ஆரு சோறாக்கிப் போடறா?”

“அவரே ஆக்கிக்கறாருக்கா.”

“ரசத்துக்குப் பெருங்காயம் போட மறந்துருவாரு. பக்கத்துல இருந்து சொல்லோணும். நீ ஒருக்காப் போன் போட்டுச் சொல்லிப்போடு.”

“சொல்றேங்க்கா.”

“என்னைய இப்ப மூடப்போறியா?”

“ஆமாங்க்கா.”

“மூடிக்க. நீ ஒண்ணும் வெசனப்படாத.”

மேகலாவின் விரல் பொத்தானுக்குப் போய்விட்டுத் திரும்பியது. ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

“வேற ஏதாவது சொல்லணுமாக்கா?”

“நீ சாப்டியா கண்ணு?”

“சாப்ட்டேங்க்கா” என்றாள் மேகலா. முந்தின நாள் அந்த ரசச் சோற்றுக்குப் பிறகு அவள் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொட்டிருக்கவில்லை.

பன்னிரண்டாவது கட்டத்தில் இந்தத் தடவை அவள் ‘எதுவுமில்லை’ என்று தட்டவில்லை. அக்கா சொன்னதை எல்லாம் சொன்னபடியே எழுதினாள், பெருங்காயத்தையும் விடாமல். எழுதி முடித்துவிட்டு மூடினாள்.